தரைக்கு ஒரு சாண் மேலே

கைய எடு. அனுசியா, கைய எடுன்னு சொல்றேன்ல. அம்மை முத்தைச் சொறிஞ்சா தழும்பு விழுந்துரும். அப்புறம் காலத்துக்கும் கண்ணாடியப் பாத்து இந்த அத்தையத்தான் வைவ. அரிச்சா இந்தா, வேப்பங்கொத்து, இதால மெதுவா தடவிக்க. ஆங், அப்படித்தான்.

கரண்டு வேற போயிருச்சு. உங்கம்மா வேலை முடிஞ்சு வர அஞ்சரை ஆகும். அதுவரைக்கும் நீ பொரண்டுக்கிட்டே கெடந்தா எனக்கு மண்டை காஞ்சுரும். கண்ண மூடு, ஒரு கதை சொல்றேன். ஆனா ம் கொட்டணும், சொல்லிட்டேன். ம் கொட்டாம கெடந்தா நான் சுவத்துக்கா கதை சொல்றது?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பல்லக்கு.

"ராஜா இல்லையா அத்தே?"

அடியே, அவசரக்காரி. இருந்தான். பல்லக்குக்குள்ளதான் இருந்தான். அவன் பல்லக்குலயே பொறந்தான், பல்லக்குலயே தின்னான், பல்லக்குலயே தாலி கட்டுனான். அவன் கால் மண்ணுல பட்டதே கெடையாது. பொறந்த பிள்ளை பாதம் எப்படி இருக்கும், பஞ்சு மாதிரி? அம்பது வயசுலயும் அவன் பாதம் அப்படித்தான் இருந்துச்சு.

"ஆய் போறதுக்கு?"

கேக்குறா பாரு கேள்விய. அதுக்கு ஒரு கல்லு மேடை கட்டியிருந்தாங்க. படுக்க ஒரு மேடை, குளிக்க ஒரு மேடை. பல்லக்குல இருந்து மேடை, மேடையில இருந்து பல்லக்கு. நடுவுல மண்ணுங்கிறதே கெடையாது. ஏன்னா அந்த ஊருக்கு ஒரே ஒரு சட்டம்தான். மண்ணை மிதிச்சவங்க எல்லாரும் சமம், மிதிக்காதவன் ராஜா. அம்புட்டுதான். அவன் கால் ஒரு தடவை மண்ணுல பட்டுருச்சுன்னா அவனும் வரிசையில நின்னு கூழு வாங்கணும்.

சிப்பாய்ங்க இருந்தாங்களான்னு கேப்ப. இருந்தாங்க, ஆறு பேரு. அதுல ரெண்டு பேருக்கு மாலைக்கண்ணு. ஒருத்தன் ஈட்டிய ஊனிக்கிட்டுதான் எந்திரிப்பான். அவங்கள வச்சா அவன் ராஜாவா இருந்தான்? இல்ல. பல்லக்கு தூக்குற எட்டுப் பேரை வச்சுத்தான் ராஜாவா இருந்தான்.

"ம்."

எட்டுப் பேரு. முன்தண்டுல நாலு பேரு, பின்தண்டுல நாலு பேரு. முன்னால போற வெள்ளச்சாமி "ஓஹோம்"னு கொரல் குடுப்பாரு. பின்னால இருக்கவங்க "ஏஹேம்"பாங்க. ஓஹோம், ஏஹேம், ஓஹோம், ஏஹேம். காலு தம்தம்தம்முன்னு விழும். தண்டு க்ரீச்சு க்ரீச்சுன்னு தோளை அறுக்கும். ராஜா உள்ள இருந்து முறுக்கு தின்னுவான், மொறுக்கு மொறுக்குன்னு சத்தம் மட்டும் வெளிய வரும்.

இதுல ஒரு கூத்து கேளு. முன்னால போறவங்க கிளப்புற புழுதியப் பூராம் பின்னால வர்றவங்கதான் திங்கணும். அதனால முன்தண்டு வீட்டுக்காரங்களுக்கு ஒரு மப்பு. பின்தண்டு வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாங்க, தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. ரெண்டு வீட்டுலயும் தோள்ல ஒரே காய்ப்புதான், ஒரே புண்ணுதான். ஆனாலும் அந்த மப்பு. எங்க போயி முட்டிக்கிறது சொல்லு.

அந்தப் பின்தண்டுல கடைசி ஆளு பெரியாண்டி. அவன் பொண்டாட்டி ஒலகாயி. ஒரே மக, சிட்டு. உன்னைய மாதிரித்தான், வாயாடி, ஒரு எடத்துல நிக்க மாட்டா.

ஒரு ஆடி மாசம், நல்ல வெயிலு. ஒலகாயி புருசனுக்குக் கஞ்சி கொண்டு போனா. அவ கண்ணு முன்னாலயே அவன் ஓடிக்கிட்டே தொப்புன்னு விழுந்தான். பல்லக்கு நின்னுச்சான்னு கேளு.

"நின்னுச்சா?"

நிக்கல. நின்னா கால் கடுக்கும், எறக்கவும் கூடாது. அவனைத் தாண்டிப் போயிருச்சு. பின்தண்டு ஒரு பக்கம் சாயுது, "ஏய், ஆளு குடு, ஆளு குடு"ன்னு மத்தவங்க கத்துறாங்க. அப்போ அவ கஞ்சிக் கலயத்த வழியிலயே வச்சுட்டு ஓடிப்போய்த் தோளைக் குடுத்தா. செத்த புருசன் மூஞ்சியப் பாக்க அவளுக்குப் பொழுது சாய்ஞ்சுதான் நேரம் கெடைச்சுச்சு. அதுக்குள்ள எறும்பு ஏறிருந்துச்சு.

...

ம் கொட்டுடி.

"ம்."

அந்த ஊர்ல ஒரு வழக்கம். சித்திரை மொத நாளு அரமனை வாசல்ல ஒரு அளவுக் கம்பு நடுவாங்க. பல்லக்குத் தெரு பிள்ளைங்க எல்லாம், ஆணோ பொண்ணோ, ஒவ்வொண்ணா வந்து அதுக்குப் பக்கத்துல நிக்கணும். தோளு கம்புக்கு எட்டலையா, வீட்டுக்குப் போ, அடுத்த வருசம் வா. எட்டிருச்சா, தோள்ல ஒரு செவப்புத் துண்டைப் போடுவாங்க. அப்புறம் அது பல்லக்குப் பிள்ளை. பல்லக்கு கூடவே ஓடணும். யாராச்சும் விழுந்தா அந்த எடத்துல தோளைக் குடுக்கணும். பெரியாண்டி விழுந்த அன்னைக்கு அப்படி ஓடுற பிள்ளை ஒண்ணும் மிச்சமில்ல, அதான் அந்த எடம் ஒலகாயிக்கே வந்துருச்சு. துண்டு விழுந்த பிள்ளைக்கு மேளம் எல்லாம் அடிப்பாங்க. பெத்தவங்க சிரிச்ச மூஞ்சியா நிக்கணும்.

சிட்டுக்கு அப்போ ஒம்பது வயசு. நெடுநெடுன்னு வளருறா. கம்புக்கும் தோளுக்கும் மூணு வெரக்கடைதான் பாக்கி. ஒலகாயி நெதமும் மகளைச் சுவத்தோரம் நிக்க வச்சு அளந்து பாக்குறா. புருசனைக் குடுத்தாச்சு, தன் தோளையும் குடுத்தாச்சு. பிள்ளையவும் குடுக்கணும்னா எப்படி மனசு வரும்? அதனால மகளைக் கூப்புட்டு, "பாவாடைக்குள்ள முட்டிய லேசா மடக்கிக்கோ. யாருக்கும் தெரியாது. கம்புக்கிட்ட மட்டும் மடக்குனா கண்டுபுடிச்சுருவாங்க, அதனால நடக்கும்போதும் அப்படியே நட, கெணத்தடியிலயும் அப்படியே நில்லு"ன்னு சொல்லிக்குடுத்தா.

சிட்டும் அப்படியே பழகிக்கிட்டா. ஆனா பிள்ளை வளருறத எத்தனை நாளைக்கு ஒளிச்சு வைக்க முடியும்? அதனால ஒலகாயி யோசிச்சா. கம்பை ஏமாத்துறத விட, பல்லக்கையே எறக்கிட்டா என்னன்னு யோசிச்சா.

"எறக்குனா ராஜா கால் மண்ணுல பட்டுருமே!"

அதேதான்டி! நீ கெட்டிக்காரி. எட்டுப் பேரும் ஒரே நேரத்துல குனிஞ்சாப் போதும். ராஜா மண்ணுல, சட்டப்படி சமம். கத்தி வேணாம், கம்பு வேணாம். முட்டிய மடக்குனாப் போதும்.

அப்போ அவ மத்த ஏழு பேருகிட்டயும் போயி, "நாளைக்குப் புளியமரத்தடி வரும்போது, வெள்ளச்சாமி அண்ணன் மூணாவது ஓஹோம் சொன்னதும் எல்லாரும் குனிஞ்சுருவோம்"னு சொன்னா. எல்லாரும் சரின்னாங்க. வெள்ளச்சாமி கூட மீசையத் தடவிக்கிட்டே, "சரி தங்கச்சி, இந்தத் தோளும் எத்தனை வருசம் தாங்கும்"னாரு.

மறுநாள் காலையில பாத்தா ராஜா ஒரு பொட்டிய நீட்டுறான். "முன்தண்டுக்காரங்களுக்கு மட்டும்"ங்கிறான். தொறந்தா நாலு பட்டுத் தலப்பா. பளபளன்னு.

"ராஜாவுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லல. சொல்ல வேண்டியதே இல்ல. சித்திரை வந்துச்சுன்னா பல்லக்குத் தெருவுல குசுகுசுன்னு பேசுவாங்கன்னு அவன் தாத்தனுக்கே தெரியும். தலப்பா தாத்தன் காலத்துலயே தச்சு வச்சது, உள்ள பூச்சி உருண்டை வாசம் கூடப் போகல.

புளியமரம் வந்துச்சு. ஓஹோம்! ஏஹேம். ஓஹோம்! ஏஹேம். மூணாவது ஓஹோமும் வந்துச்சு. பின்தண்டு நாலு பேரும் மடக்குன்னு குனிஞ்சாங்க. முன்தண்டு குனியல. குனிஞ்சா தலப்பா விழுந்துரும்ல. பல்லக்கு பின்பக்கம் சாஞ்சு, ராஜா சர்ர்ர்ருன்னு வழுக்கி, மொத்தக் கனமும் பின்னால நாலு தோள்ல எறங்கிருச்சு. ஒருத்தனுக்கு எலும்பு மளுக்குன்னுச்சு. தட்டுத் தடுமாறி எந்திரிச்சு நின்னாங்க. ராஜா திரையை விலக்கி, "என்னப்பா, கல்லு தடுக்குச்சா?"ன்னு மட்டும் கேட்டான். ஒருத்தரையும் தண்டிக்கல. தண்டிக்கணும்னு அவனுக்கு என்ன வந்துச்சு? அன்னையில இருந்து பின்தண்டுக்காரங்க முன்தண்டுக்காரங்க மூஞ்சியில முழிக்கல. ராஜா மேல ஒருத்தருக்கும் கோவமே இல்ல.

கையி! சொறியாத. வேப்பங்கொத்து எங்க? கீழ போட்டுட்டியா, இந்தா.

அடுத்த சித்திரை. சிட்டுக்குப் பத்து வயசு. முட்டிய இன்னும் கொஞ்சம் மடக்குறா. கம்புக்கிட்ட நின்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டுத் தப்பிச்சா. துண்டு விழல. ஆனா ஒலகாயிக்குத் தெரியும், இன்னும் ஒரு வருசம்தான்னு.

சரி, எவனும் வரலைன்னா போகட்டும், நான் ஒருத்தியாவது செய்றேன்னு முடிவு பண்ணுனா. ஒரு நாள் ஓடிக்கிட்டு இருக்கும்போதே தோளை எடுத்துட்டு வெலகி நின்னுட்டா.

என்ன ஆகியிருக்கும் சொல்லு?

"பல்லக்கு விழுந்துருக்கும்."

விழல. அவ தூக்குன கனம் பக்கத்துல இருந்தவங்க மேல போயிருச்சு. நல்லாக் கேளு, ஒருத்தர் விட்டா ராஜா விழ மாட்டான், மிச்ச ஏழு பேரு தோள்தான் முறியும். மிச்சவங்க வாய்விட்டு அலறுனாங்க. எப்படியோ பக்கத்துல இருந்த கல்லு மேடையில பல்லக்க வச்சுட்டு அவ மேல பாஞ்சாங்க. "அடிப்பாவி, எங்களைக் கொல்லப் பாத்தியே"ன்னு முடியப் புடிச்சு இழுத்து, பளார் பளார்னு அறைஞ்சாங்க. யாரு? அவகூட அதே புழுதியத் தின்னவங்க. அவ புருசன் விழுந்தப்போ ஆளு குடு, ஆளு குடுன்னு கத்துனவங்க.

அப்போ ராஜா பல்லக்குக்குள்ள இருந்து கைய நீட்டி, "விடுங்கப்பா, பாவம், புருசன் இல்லாதவ. அவளுக்குத் தண்ணி குடுங்க"ன்னான். ஊரே அசந்துருச்சு. ராஜாவுக்கு எம்புட்டு எரக்கம் பாருன்னு கண்ணத் தொடைச்சுக்கிச்சு. ஒலகாயி ஒதடு கிழிஞ்சு நிக்கிறா. அந்தத் தண்ணியையும் வாங்கிக் குடிச்சா. தாகம்டி, என்ன செய்வா?

"ம்."

தூக்கம் வருதா? வரட்டும். இன்னும் கொஞ்சம்தான்.

ஒலகாயி மட்டுமா பிள்ளைய மடக்கி நிக்கச் சொன்னா? சிட்டைப் பாத்து தெருவுல பூராம் எல்லா ஆத்தாளும் தம்பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்குடுத்துட்டாளுக. பல்லக்குத் தெருவுல சின்னப் பிள்ளைங்க எல்லாம் வாத்து மாதிரி நடக்குதுங்க. மூணாம் வருசம் சித்திரை பொறக்க ரெண்டு நாளைக்கு முன்ன, அரமனை ஆளு வந்து அளவுக் கம்பை ஒரு சாண் அறுத்துப் போட்டுட்டுப் போயிட்டான். சர்ரக் சர்ரக்குன்னு ரம்பச் சத்தம். தெருவே வாசல்ல நின்னு பாத்துச்சு.

அந்தச் சத்தம் வெள்ளச்சாமிக்கும் கேட்டுச்சு. அவரு பேத்திக்கு எட்டு வயசு. அறுத்த கம்புக்கு அவளும் எட்டிருவா. மனுசன் தலப்பாவக் கழட்டி வச்சுட்டு, பின்தண்டுத் தெருவுக்கு முதமுதலா நடந்து வந்தாரு. ஒலகாயி வீட்டுல தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. "தங்கச்சி, அன்னைக்கு நாங்க குனிஞ்சிருந்தா இன்னைக்கு இந்தக் கம்பே இருந்திருக்காது"ன்னு சொல்லி, கெழவன், பிள்ளை மாதிரி அழுதாரு. எட்டுப் பேரும் அவங்கவங்க பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனாங்க. சித்திரை மொத நாளு, அரமனை வாசல்ல, ஊரு பாக்க எறக்கிருவோம்னு.

அந்த நாளும் வந்துச்சு. மேளம் டண்டணக்கு டண்டணக்குன்னு அடிக்குது. பிள்ளைங்க வரிசையில நிக்கிது. சிட்டு முன்னால, வெள்ளச்சாமி பேத்தி அவளுக்குப் பின்னால. பல்லக்கு வந்துச்சு. ஓஹோம்! ஏஹேம். ஓஹோம்! ஏஹேம். மூணாவது ஓஹோம்!

எட்டுப் பேரும் குனிஞ்சாங்க.

"எட்டுப் பேருமா?"

எட்டுப் பேரும்டி! பல்லக்கு எறங்குது. இடுப்புக்கு வந்துருச்சு. முட்டிக்கு வந்துருச்சு. மேளம் நின்னுருச்சு. ஊரே வாயப் பொளந்து பாக்குது. ராஜாவோட பாதம், அந்தப் பஞ்சுப் பாதம், பல்லக்கு வெளிம்புல தொங்குது. தரைக்கும் அந்தப் பாதத்துக்கும் ஒரு சாண். வெறும் ஒரு சாண்.

அப்போ ராஜா கத்தல. சிப்பாயக் கூப்புடல. பின்பக்கமாக் குனிஞ்சு, ஒலகாயி காதுல மட்டும் கேக்குற மாதிரிப் பேசுனான். "ஒலகாயி. உம்மக சிட்டுதானே? மூணு வருசமா முட்டிய மடக்கிக்கிட்டு நிக்கிறாளே, அவதானே? பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இனிமே அவ கம்புக்கிட்டயே வர வேணாம். அவளுக்கும் அவ பிள்ளைகளுக்கும் பல்லக்கு கெடையாது. உம்மகளுக்கு மட்டும்."

அவன் வாயில தம்பேரு வரும்னு அவ நெனச்சதே இல்ல. அவ நிமிந்து வரிசையப் பாத்தா. மக நிக்கிறா. அறுத்த கம்பு நிக்கிது.

ஒலகாயி குனிஞ்ச முட்டிய நிமித்திட்டா.

...

என்னடி, ம் கூட வரல. கோவமா அவ மேல? எனக்கும் மொதல்ல கோவமாத்தான் இருந்துச்சு, இந்தக் கதையக் கேட்டப்போ. இப்போ இல்ல. தலையில செங்கல் சுமந்து சுமந்து இந்த அத்தை உச்சந்தலை எப்படி வழுக்கையாக் கெடக்குன்னு தொட்டுப் பாத்துருக்கேல்ல? அந்த எடத்துல நான் இருந்து, உன்னைய மட்டும் விட்டுர்றேன்னு ஒருத்தன் சொல்லியிருந்தா, நானும் எந்திரிச்சிருப்பேன்டி. பொய் சொல்ல மாட்டேன்.

ஒருத்தி நிமிந்ததும் பக்கத்துல இருந்தவன் பாத்தான். நம்ம மட்டும் குனிஞ்சு கெடந்தா கனம் நம்ம மேலதான் வரும், போன வருசம் பாத்தோம்லன்னு அவனும் நிமிந்தான். அவனைப் பாத்து அடுத்தவன். கடைசியா வெள்ளச்சாமி மட்டும் முட்டி போட்டு, "எறக்குங்கடா, பாவிகளா, எறக்குங்கடா"ன்னு கத்துனாரு. தண்டு அவரு தோளை விட்டு மேல போயிருச்சு. ராஜா காலை உள்ள இழுத்துக்கிட்டு, "மேளம் என்ன ஆச்சு?"ன்னு கேட்டான். டண்டணக்கு டண்டணக்கு.

"அப்புறம்?"

அப்புறம் என்ன. ராஜா சொன்ன வாக்கு தவறல. சிட்டை அளக்காம விட்டுட்டாங்க. வெள்ளச்சாமி பேத்தி தோள்ல செவப்புத் துண்டு விழுந்துச்சு. எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்தத் துண்டு முழங்கால் வரைக்கும் தொங்குச்சு. கெழவன் அந்த ஐப்பசி கூடத் தாண்டல, அந்தப் பிள்ளைதான் முன்தண்டுக்குத் தோளைக் குடுத்துச்சு. தெருவுல ஒலகாயி கூட யாரும் பேசல. அவளும் யார் கூடயும் பேசல, தினமும் வந்து பின்தண்டைத் தூக்கிட்டுப் போனா. விடுதலை மகளுக்குத்தானே, அவளுக்கு இல்லையே.

அந்தச் சித்திரை மொத நாளு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒலகாயி கதவைச் சாத்திட்டு மகளை நடு வீட்டுல நிக்க வச்சா. "நிமிருடி என் ராசாத்தி. முடிஞ்சுருச்சு. இனிமே ஒளிய வேணாம், மடக்க வேணாம். உங்கப்பன் ஒசரம் நீ. நல்லா நிமிந்து நில்லு, ஆத்தா பாக்குறேன்"னு சொன்னா.

சிட்டு ஆத்தா மூஞ்சியப் பாத்தா. முட்டி மடங்குனது மடங்குன மாதிரியே இருக்கு. பாவாடை தரையக் கூட்டுது.

"நிமிருடி."

"நிமிந்துதாம்மா நிக்கிறேன்"னா.

...

அவ்வளவுதான்.

"அத்தே."

இன்னும் தூங்கலையா நீ?

"அப்புறம் ஒரு நாளு எல்லாரும் சேந்து எறக்குவாங்களா?"

... எறக்குவாங்கன்னு சொன்னா நீ நிம்மதியாத் தூங்கிருவ. எனக்கு அப்படிச் சொல்ல வரலடி. நான் பாத்த வரைக்கும் ஒரு சாணுக்கு மேல யாரும் எறக்கல. அந்த ஒரு சாண் வரைக்கும் வந்தாங்கல்ல, அதை மட்டும் வேணா நெனச்சுக்க.

பல்லக்கு போன தடத்துலயே கதையும் போயிருச்சு. இனி அத்தை வாயத் தொறக்க மாட்டேன். கண்ண மூடு.

ஏன்டி, ஏன் இப்படிக் காலை மடக்கிக்கிட்டுப் படுத்திருக்க? நீட்டு. முத்து ஒரசுனா வலிக்குமா? வலிச்சாப் பரவாயில்ல, நான் வேப்பிலையில வீசி விடுறேன். நல்லா நீட்டு, பாய் முழுக்க நீட்டு. இங்க கம்பும் இல்ல, அளக்குறவனும் இல்ல. தூங்குற நேரமாச்சும் நீட்டிப் படு.